டிரா கையோடு ஆல்-இன்னைக் கால் செய்யலாமா: ஒரு மேசை அறிவுரைக்கு மறுப்பு

நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் டிரா என்பது இன்னும் முடியாத கை. நான்கு ஆர்ட்டின் சேர்ந்திருக்கும். ஐந்தாவது வந்தால் ஃபிளஷ். அல்லது 8, 9, 10, ஜாக்கி என்று வரிசை நிற்கும். 7 அல்லது ராணி வந்தால் ஸ்ட்ரெயிட். வரவேண்டிய சீட்டு வராவிட்டால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இப்படியொரு கையோடு உட்கார்ந்திருக்கும்போது எதிராளி தன்னிடமுள்ள சிப்புகள் அனைத்தையும் நடுவே தள்ளி ஆல்-இன் போட்டால் என்ன செய்வது? மேசைக்கு மேசை கிடைக்கும் பதில் ஒன்றுதான். டிராவை வைத்துக்கொண்டு ஆல்-இன் தள்ளலாம், அது துணிச்சல். அடுத்தவர் தள்ளியதைக் கால் செய்யக் கூடாது, அதாவது அதே தொகையைப் போட்டு ஏற்கக் கூடாது, அது மடத்தனம். புதிதாக ஆடவருபவர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் இந்த அறிவுரையில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, எப்போது சரி எப்போது தவறு என்று பார்க்காமலே விதியாக்கப்பட்டுவிட்டது.

முதல் பாதிக்குப் பெரிய மனிதர்களின் ஆதரவு உண்டு. 1976, 1977 இரண்டு ஆண்டுகளும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டாயில் பிரன்சன், தன் ‘சூப்பர்/சிஸ்டம்’ நூலில் டிரா கைகளை அடித்து ஆடும் பாணியை முன்வைத்தார். அதே காலத்தில் டேவிட் ஸ்க்லான்ஸ்கி அந்த ஆட்டத்துக்கு ‘செமி-பிளஃப்’ என்று பெயரிட்டு அதன் தர்க்கத்தை விளக்கினார். டிராவோடு தள்ளுபவருக்கு வெல்ல இரண்டு வழிகள்: எதிராளி பயந்து ஃபோல்ட் செய்யலாம் (கையைக் கைவிடலாம்), செய்யாவிட்டால் சீட்டு வரலாம். கால் செய்பவருக்கோ இரண்டாவது வழி மட்டுமே. ஆகவே தள்ளுவது கால் செய்வதைவிட மேல். இதில் மறுக்க எதுவும் இல்லை.

கோளாறு அடுத்த அடியில் வருகிறது. தள்ளுவது கால் செய்வதைவிட மேல் என்பதிலிருந்து, கால் செய்வது மோசம் என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். எதிராளி ஏற்கெனவே ஆல்-இன் போட்டுவிட்ட பிறகு தள்ளும் வாய்ப்பு மேசையிலேயே இல்லை. அவரைப் பயமுறுத்த இனி எதுவும் கிடையாது. அவரிடம் சிப்பும் கிடையாது. மிஞ்சியிருப்பவை கால், ஃபோல்ட் என்ற இரண்டே. ஃபோல்ட் செய்தால் அந்தக் கணத்திலிருந்து வரவும் இல்லை, செலவும் இல்லை: மதிப்பு பூஜ்யம். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, கால் செய்வதன் மதிப்பு பூஜ்யத்துக்கு மேலா கீழா என்பது மட்டுமே. இல்லாத மூன்றாவது வழியோடு ஒப்பிட்டுக் காலைப் பழிப்பது, புறப்பட்டுப்போன ரயிலைக் காட்டி நிற்கும் பஸ்ஸில் ஏறவேண்டாம் என்பதைப் போன்றது.

அந்த மதிப்பைக் கணக்கிட இரண்டு எண்கள் போதும். ஃபிளாப் என்ற முதல் மூன்று பொதுச் சீட்டுகளை விரித்த பின், பந்தயங்கள் சேரும் பாட்டில் 6,000 சிப் இருக்கிறது. எதிராளி தன் கடைசி 4,000-ஐத் தள்ளுகிறார். கால் செய்பவர் போடவேண்டியது 4,000. போட்டபின் பாட் 14,000. 4,000-ஐ 14,000-ஆல் வகுத்தால் 28.6 சதவீதம். இந்த அளவுக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால் கால் லாபம், இல்லாவிட்டால் நட்டம். இதுதான் விலை.

அடுத்தது வாய்ப்பு. கால் செய்பவரிடம் நான்கு ஆர்ட்டின் சேர்ந்த ஃபிளஷ் டிரா என்று கொள்வோம். கையில் 2, மேசையில் 3 போக, கண்ணில் படாத சீட்டுகள் 47. அவற்றில் ஆர்ட்டின் 9. டர்ன், ரிவர் என்ற மீதி இரண்டு பொதுச் சீட்டுகளிலும் ஆர்ட்டின் வராமல் போகும் வாய்ப்பு 47-க்கு 38 பெருக்கல் 46-க்கு 37, அதாவது 65 சதவீதம். ஆகவே ஃபிளஷ் அமையும் வாய்ப்பு 35 சதவீதம். தேவை 28.6, இருப்பது 35. இதே நிலைமை நூறு முறை நேர்ந்தால் 65 முறை தலைக்கு 4,000 போகும், மொத்தம் 2,60,000. 35 முறை தலைக்கு 10,000 வரும், மொத்தம் 3,50,000. நூறு கால்களின் நிகர லாபம் 90,000. ஒரு காலுக்கு 900 சிப். அறிவுரையைக் கேட்டு ஃபோல்ட் செய்தவர் ஒவ்வொரு முறையும் அந்த 900-ஐ எதிராளிக்கு விட்டுக்கொடுத்து எழுகிறார்.

அறிவுரை இத்தனை காலம் தாக்குப்பிடித்திருப்பதன் காரணமும் இதே கணக்கில் தெரிகிறது. சரியான கால் மூன்றில் இரண்டு தடவை தோற்கிறது. தோற்ற 65 தடவையும் மேசையில் நாலு பேர் பார்க்க, வெறும் ராஜாவை விரித்துக் காட்டிவிட்டுப் பாட் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபோல்ட் செய்தவரின் 900 சிப் நட்டத்தையோ யாரும் பார்ப்பதில்லை, அவரே பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் தோல்விகளைக் கொண்டு எழுதப்பட்ட விதி இது.

ஆல்-இன் என்றால் டிராவுக்கு ஆபத்து கூடுகிறது என்பதும் தலைகீழான எண்ணம். ஃபிளாப்பில் எதிராளி ஆல்-இன் போடாமல் சாதாரணமாகப் பந்தயம் கட்டினால்தான் டிரா கைக்கு உண்மையான தொல்லை. இப்போது ஒரு தொகை கொடுத்து டர்னைப் பார்க்கலாம். ஆர்ட்டின் வராவிட்டால் ரிவரைப் பார்க்க மறுபடி கொடுக்க வேண்டும், அல்லது பாதி வழியில் இறங்கிவிட வேண்டும். வாய்ப்பு 35 என்று எண்ணிக் கால் செய்தவர் உண்மையில் வாங்கியது 9/47, அதாவது 19 சதவீதம் மட்டுமாக இருக்கலாம். ஆல்-இன்னில் அந்தச் சிக்கலே எழாது. ஒரே தொகை, இரண்டு சீட்டு; இடையில் யாரும் துரத்த முடியாது. அவுட்டுகளை, அதாவது கையை முடித்துத் தரும் சீட்டுகளை, நான்கால் பெருக்கு என்ற பிரபலமான குறுக்குவழி (ஃபிளஷுக்கு 9 பெருக்கல் 4, அதாவது 36) முழுதாகப் பொருந்துவது இங்கேதான். சாதாரணப் பந்தயத்தில் அந்த நான்கைப் பயன்படுத்துவது ஏமாளித்தனம். அங்கே இரண்டால்தான் பெருக்க வேண்டும். அவுட் கூடக் கூட நான்கின் பெருக்கமும் மிகையாகப் பேசும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்: 15 அவுட்டுக்கு அது 60 என்கிறது, சரியான கணக்கு 54.1.

அந்த 15 அவுட்டைச் சற்று நின்று பார்க்கலாம். கையில் ஆர்ட்டின் ஜாக்கி, ஆர்ட்டின் 10. ஃபிளாப்பில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8, கிளாவர் 2. எதிராளி கையில் கறுப்பு ஏஸ் இரண்டு. இந்த நொடியில் முன்னால் இருப்பவர் அவர்தான். ஆனால் 9 ஆர்ட்டினும், ஆர்ட்டின் அல்லாத மூன்று ராணியும் மூன்று 7-உம் அவரைக் கவிழ்க்கும். எதிராளியின் சீட்டுகளையும் கண்ணில் படாதவையாகவே எண்ணினால், இரண்டு சீட்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 54 சதவீதம். “பின்னால் இருக்கும் கையோடு பணத்தைப் போடாதே” என்பவர்கள் இங்கே ஜோடி ஏஸின் பக்கம் நிற்கிறார்கள்; பாட்டின் பெரும்பங்கு டிராவின் பக்கம் நிற்கிறது. இன்னொன்று: ஆல்-இன் எவ்வளவு பெரிதானாலும் கால் செய்பவருக்குத் தேவைப்படும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தொடாது, ஏனெனில் பாட்டில் முன்பே கொஞ்சம் பணம் கிடக்கிறது. ஆகவே ரொக்க ஆட்டத்தில் இந்தக் கையோடு, இந்த எதிர்க்கைக்கு எதிராக, எந்த அளவு ஆல்-இன்னையும் கால் செய்யலாம்.

முன்னால், பின்னால் என்ற பேச்சே இந்த இடத்தில் பழசு. சீட்டு இன்னும் மிச்சமிருக்கையில் பாட்டில் யாருக்கு என்ன பங்கு என்பது, 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதித் தீர்த்த கேள்வியின் மறுபதிப்பு. பாதியில் நின்ற ஆட்டத்தின் பணத்தைப் பிரிக்கும்போது இதுவரை யார் முன்னிலை என்பதைப் பார்க்கக் கூடாது, மீதி ஆட்டத்தில் என்னென்ன நடக்கலாம் என்பதையே எண்ணவேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை. நிகழ்தகவுக் கணிதம் பிறந்த கதையாகவே இதைச் சொல்வார்கள். மேசை அறிவுரை அதற்கு முந்தைய காலத்தில் நிற்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறு. அவுட் என்று எண்ணுவதெல்லாம் அவுட் ஆகாது என்பார்கள். இது நியாயமான வாதம். எதிராளியிடம் மூன்று ஒரே எண் சீட்டு, அதாவது செட் இருந்தால், ஆர்ட்டின் வந்தும் அவருக்கு ஃபுல் ஹவுஸ் அமைந்து பாட் போகலாம். 35 சதவீதம் ஏறக்குறைய 25-க்கு இறங்கிவிடும். அவர் கையிலும் ஆர்ட்டின் இரண்டு இருந்து, அதில் ஒன்று ஏஸ் என்றால், சின்ன ஆர்ட்டின்களோடு காத்திருப்பவருக்கு வருகிற ஒவ்வொரு ஆர்ட்டினும் நட்டத்தை உறுதிசெய்யும் சீட்டு. 7, 6 போன்ற சின்ன ஆர்ட்டின் இரண்டையும் ஏஸ்-ராஜா ஆர்ட்டினையும் ஃபிளஷ் டிரா என்ற ஒரே பெயரில் அழைப்பது ஆட்டக்காரர்களின் பொல்லாத பழக்கம். ஆனால் இந்த வாதத்திலிருந்து கிடைப்பது எண்ணிக்கையைத் திருத்திக்கொள் என்பதுதான். கால் செய்யாதே என்ற முடிவு இதிலிருந்து கிடைக்காது. எதிராளி தள்ளும் பத்து கைகளில் ஆறு ஒற்றை ஜோடி, நான்கு செட் என்று வைத்தால், வாய்ப்பு 35-க்கும் 25-க்கும் நடுவே 31 சதவீதம். பாட்டில் 6,000 இருக்க 4,000 தள்ளப்பட்டால் தேவை 28.6; கால். அதே பாட்டுக்கு 6,000 தள்ளப்பட்டால் தேவை 33.3, ஃபோல்ட். சீட்டும் அதே, எதிராளியும் அவரே. விலை மாறியது, விடை மாறியது.

2010-ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடர் முதன்மைப் போட்டியில் ஒரு கை இந்த விவாதத்தில் இரு தரப்பாலும் தவறாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. 7,319 பேரில் 15 பேர் மிஞ்சியிருந்த நேரம். மேட் ஆஃப்லெக் கையில் ஜோடி ஏஸ். கனடாவின் ஜோனதன் டுஹாமெல் கையில் ஜோடி ஜாக்கி. ஃபிளாப் 10, 9, 7; டர்ன் ராணி. ஆஃப்லெக் தன் மீதி 1.16 கோடி சிப்பையும் தள்ளினார். டுஹாமெல் வெகுநேரம் யோசித்துக் கால் செய்தார். ரிவரில் 8 விழுந்தது, ஸ்ட்ரெயிட். சுமார் 4.2 கோடி சிப் பாட் அவருக்குப் போனது, ஆஃப்லெக் 15-ஆம் இடத்தில் வெளியேறினார். டுஹாமெல் அந்தப் போட்டியையே வென்று, முதன்மைப் போட்டியை வென்ற முதல் கனடியர் ஆனார்.

அதிர்ஷ்டக்காரன், தோற்கும் கையோடு பணத்தைப் போட்டான் என்பது ஒரு தரப்பு. ஜெயித்தவன் செய்ததுதான் சரி என்பது மறுதரப்பு. இரண்டும் ரிவர் சீட்டைப் பார்த்துச் சொன்ன தீர்ப்புகள். கால் செய்த நொடியில் ரிவர் இல்லை. அந்த நொடியில் விலை சுமார் 28 சதவீதம். ஜோடி ஏஸுக்கு எதிராக டுஹாமெலுக்கு உதவும் சீட்டுகள் நான்கு ராஜா, நான்கு 8, இரண்டு ஜாக்கி: 44-இல் 10, அதாவது 22.7 சதவீதம். இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தால் அது நட்டக் கால், சராசரியில் சுமார் 20 லட்சம் சிப் நட்டம். ஆனால் அவர் ஏஸ்களைப் பார்க்கவில்லை. ஆஃப்லெக் கையில் ஏஸ்-ராஜா இருந்திருந்தால் ஜாக்கி ஜோடிதான் முன்னால். 44-இல் 39 சீட்டு டுஹாமெலுக்குச் சாதகம். எதிராளி ஏஸ் ஜோடியோ ஏஸ்-ராஜாவோ என்று மட்டும் வைத்துக்கொண்டால், பதின்மூன்றில் ஒருமுறை ஏஸ்-ராஜாவாக இருந்தாலே கால் நட்டமில்லாமல் முடியும். எதிர்ப்பக்கமும் உண்டு: எதிராளியிடம் ராஜா ஜோடி என்றால் ஜாக்கி வந்தும் பயனில்லை, அவருக்கே ஸ்ட்ரெயிட் அமையும், உதவும் சீட்டு ஆறாகக் குறையும். அந்தக் காலை எடைபோட விரும்புபவர் இந்த மூன்று கைகளும் எத்தனை முறை வரும் என்று சண்டையிடலாம். விழுந்த 8-ஐ வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மேற்படி கை இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே மிஞ்சியிருந்தது ஒரே சீட்டு. டர்னுக்குப் பிறகு ஃபிளஷ் டிராவின் வாய்ப்பு 46-க்கு 9, ஏறக்குறைய 20 சதவீதம். பாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளப்பட்டாலே அதற்கு விலை கட்டுப்படியாகாது. யாரும் டர்னில் அத்தனை சின்னதாக ஆல்-இன் போடுவது அபூர்வம். ஆகவே டர்னில் அறிவுரை பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடுகிறது. டர்னில் கற்ற பாடத்தை ஃபிளாப்புக்கும் நீட்டியதில்தான் பாதித் தவறு விளைந்திருக்கிறது.

அறிவுரை உண்மையிலேயே வெல்லும் களம் போட்டி ஆட்டம். அங்கே சிப் பணமல்ல. பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டு தரும் ஒரு சாட்டிலைட்டில் மூவர் மிஞ்சியிருக்கிறார்கள், மூவரிடமும் சமமான சிப், பரிசு இரண்டு நுழைவுச்சீட்டு. ஒவ்வொருவருக்கும் நுழைவுச்சீட்டு கிடைக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஒருவர் ஆல்-இன் போட, மற்றவர் கால் செய்து வென்றால் நுழைவுச்சீட்டு உறுதி, தோற்றால் வெறுங்கை. ஃபோல்ட் செய்தால் (பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயத்தை விட்டுவிட்டுப் பார்த்தால்) மூன்றில் இரண்டு அப்படியே கையில் இருக்கிறது. ஆகவே கால் செய்ய 66.7 சதவீத வாய்ப்பு வேண்டும். சிப் கணக்கு 50-க்குக் கீழே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி. 54 சதவீதம் கொண்ட அந்த 15 அவுட் டிராவை இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்ட் செய்யவேண்டும். ஆனால் கவனிக்கவேண்டியது: 60 சதவீதம் முன்னால் நிற்கும் ஜோடிக் கையையும் இங்கே ஃபோல்ட்தான் செய்யவேண்டும். பரிசு அமைப்பு கேட்கும் கூடுதல் விலை எல்லாக் கைகளுக்கும் பொது. டிரா என்பதற்காக விதிக்கப்பட்ட தனித் தண்டனை அங்கேயும் இல்லை.

கைமுதல் மெலிந்தவர்களுக்கும் அறிவுரையில் ஒரு பிடி உண்மை உண்டு. சராசரியில் லாபமான பந்தயத்தையே கையிருப்பு முழுவதையும் வைத்து ஆடினால் ஒருநாள் ஓட்டாண்டியாக வேண்டியதுதான். பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-இல் தந்த சூத்திரத்தை மேலே சொன்ன 4,000 காலுக்குப் பொருத்தினால், அதில் வைக்கத்தக்கது கையிருப்பில் 9 சதவீதம்தான். அதாவது ஆட்டத்துக்கென ஒதுக்கிய கையிருப்பு 44,000-த்துக்கு மேல் இருப்பவருக்கே அந்தக் கால் நிம்மதியானது. அதற்குக் குறைந்தவர் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது. உட்கார்ந்துவிட்டு டிராவைக் குறைசொல்வதில் பொருளில்லை. ஏற்ற இறக்கம் பிடிக்காதவர்களுக்கு ரொக்க மேசைகளில் வேறு வழியும் இருக்கிறது: இருவரும் சம்மதித்தால் மீதிச் சீட்டுகளை இருமுறை விரித்துப் பாட்டைப் பாதி பாதியாக ஆடலாம். சராசரி வரவு இம்மியும் மாறாது, ஆட்டம் மட்டும் தணியும்.

எதிர்த் திசையில் ஒரு தவறான வாதமும் உலவுகிறது, டிரா பிரியர்களிடம். ஏற்கெனவே 3,000 போட்டாகிவிட்டது, இனி விட முடியுமா என்பார்கள். அந்த 3,000 பாட்டில் விழுந்த கணமே அவர்களுடையதாக இல்லை. விலைக் கணக்கில் அது பாட்டின் பகுதியாக முன்பே சேர்ந்துவிட்டது. மறுபடி ஒருமுறை சேர்ப்பது இரட்டைக் கணக்கு. அறிவுரைக்காரர்கள் லாபக் காலைப் பயத்தால் விடுகிறார்கள். இவர்கள் நட்டக் காலைப் பாசத்தால் செய்கிறார்கள்.

டிராவோடு கால் செய்வது வெறும் சூது என்ற கடைசிக் குற்றச்சாட்டுக்குப் பதில் சுருக்கமானது. 35 சதவீதப் பொருளை 28.6 சதவீத விலைக்கு வாங்குபவர், ஏஸ் ஜோடியைத் தள்ளுபவரைவிட எந்த வகையிலும் அதிகம் சூதாடவில்லை. இருவரும் அதே இரண்டு சீட்டுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். சட்டம் வேறு விஷயம்: இந்தியாவில் 2025-இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமலே தடைசெய்கிறது.

இருவர் மட்டும் மிஞ்சிய ரொக்க ஆட்டத்தில், ஃபிளாப்பில், அவுட்டுகள் சுத்தமானவை என்றால் வரம்புகள் இவை. நடுவில் ஒரே சீட்டு வேண்டிய கட்ஷாட்டின் வாய்ப்பு 16.5 சதவீதம், ஆல்-இன் பாட்டின் கால் பங்குக்குள் இருந்தால் மட்டுமே கால். இருபுறமும் திறந்த ஸ்ட்ரெயிட் டிராவுக்கு 31.5, பாட்டில் 85 சதவீதம் வரை கால். ஃபிளஷ் டிராவுக்கு 35. பாட்டைவிடச் சற்றுப் பெரிய ஆல்-இன் வரைக்கும் கால். பாட்டுக்கு இருமடங்கு தள்ளினால் தேவை 40 சதவீதம். அப்போது ஃபிளஷ் டிரா ஃபோல்ட் ஆகவேண்டும்.